மகள் மேல் சத்தியம்

“உன் வீட்டுக்காரரு நம்ம கம்பெனி ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னாடி சிகரெட்டும் கையுமா நிக்கிறாரு சித்ரா. இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன்.”

பக்கத்தில் நின்று வேலை பார்க்கும் பாண்டியம்மாள் சொன்னதும், செக்கிங் டேபிளில் பனியனைப் புரட்டிக்கொண்டிருந்த சித்ராதேவியின் கை நின்றுவிட்டது.

“இருக்காதுக்கா. அவரு விட்டுட்டாரு.”

“இன்னைக்கு மட்டுமில்லடி, தினமும்தான் போறாரு. நீ வருத்தப்படுவேன்னு சொல்லல.”

சித்ரா கையிலிருந்த பனியனை டேபிளில் விட்டெறிந்தாள். பின்னே? மண்ணரைப் பக்கம் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒற்றை அறை. மகளுக்கு வீசிங். மூச்சுக்குத் தவித்த பிள்ளையின் தலையில் கை வைத்து, ‘இனிமே தொடமாட்டேன்’ என்று சத்தியம் பண்ணின மனுசன்!

சிகரெட்டை விட்டதிலிருந்து முனீஸ் வீட்டில் பண்ணிய கூத்து கொஞ்சமா? தலைவலி, எரிச்சல், உட்கார்ந்த இடத்தில் தூக்கம். குழம்பில் உப்பில்லை என்று சோற்றுத் தட்டு சுவரில் பறந்தது. ‘விட்ட புதுசுல அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கம்மா’ என்று டாக்டர் சொல்லியிருந்ததால், வாயைத் திறக்காமல் சுவரைத் துடைத்தாள். எல்லாம் இதற்குத்தானா?

சூப்பர்வைசர் திருமூர்த்தியிடம் போய் நின்றாள்.

“பாத்ரூம் போகணும் சார்.”

“இப்பத்தானுங்க போயிட்டு வந்தீங்க? இன்னைக்கு ஷிப்மென்ட்டுங்க அம்மிணி.”

“அவசரம் சார்.”

“போனதும் வந்தரோணும்ங்க.”

ஓட்டமும் நடையுமாகப் பின்பக்கம் போனாள். சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான் முனீஸ். விரலிடுக்கில் சிகரெட்.

“நல்லாயிருக்கு! ரொம்ப நல்லாயிருக்கு!”

வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தான். “கத்தாத சித்ரா. நான் சொல்றத...”

“என்னத்தச் சொல்லப் போறீக? பிள்ளை தலையில வச்ச கை இந்தக் கைதான? தட்டை எறிஞ்சீக, பொறுத்துக்கிட்டேன். பிள்ளை பேசினா எரிஞ்சு விழுந்தீக, அதையும் பொறுத்துக்கிட்டேன். இன்னைக்குச் சாயங்காலமே அவளைக் கூட்டிக்கிட்டு அருப்புக்கோட்டைக்கு, எங்க அம்மா வீட்டுக்கு பஸ் ஏறுறேன். நீங்க நல்லா ஊதிக்கிட்டே கிடங்க!”

வெடுக்கென்று சிகரெட்டைப் பிடுங்கினாள். கீழே போட்டு நசுக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

நுனி கருகவே இல்லை. வெள்ளைத் தாள் அழுக்கேறிப் பழுப்பாகியிருந்தது. புகையிலை பாதி உதிர்ந்துவிட்டிருந்தது. முகர்ந்து பார்த்தாள். மெஷின் ஆயில் வாடை.

“விட்ட அன்னைக்குப் பையில மிச்சம் கிடந்தது. அதே சிகரெட்தான்” என்றான் முனீஸ். “விட்டதுலருந்து உடம்பு அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கு சித்ரா. ஓவர்லாக் மெஷின்ல தைக்க உட்கார்ந்தா கண்ணு சொருகுது. நேத்து துணியோட விரலும் கத்திக்குள்ள போயிருக்கும். கொஞ்சம் காத்தாட நின்னுட்டு வாரேன்னு கேட்டா, சூப்பர்வைசரு ‘நீங்கதான் சிகரெட்டை உட்டுட்டீங்களே, அப்புறம் வெளிய என்னுங்க வேலை?’ங்கிறாரு. தம் அடிக்கிறவனை மட்டும்தான் விடுறாங்க. அதான், திரும்ப ஆரம்பிச்சுட்டேன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நம்பியிருப்பியா?”

சித்ராவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாவி மனுசன், இத்தனை நாள் தனியாகக் கிடந்து அல்லாடியிருக்கிறானே!

செருப்புச் சத்தம் கேட்டது. திருமூர்த்திதான். சட்டென்று சிகரெட்டை முனீஸின் விரலிடுக்கில் செருகினாள்.

திருமூர்த்தி தூரத்திலேயே நின்று அவன் கையைப் பார்த்தார்.

“தம்முங்களா? செரி செரி, முடிச்சுட்டு மெதுவா வாங்க.”

பிறகு சித்ராவிடம் திரும்பினார். “உங்களுக்கு இங்க என்னுங்க வேலை? டேபிள்ல பீஸ் மலையாட்டம் கெடக்குது. போங்க அம்மிணி!”

அவர் தலை மறைந்ததும், நின்று நின்று வீங்கிப்போன காலைத் தேய்த்துக்கொண்டே சித்ரா சொன்னாள்:

“நாளைக்கு எனக்கும் ஒண்ணு வாங்கியாங்க.”