மூழ்கிய ஆத்தா

ஆடிப் பெருக்கின் ஆரவாரம் அடங்கி, ஆவணி மாதத்து அணைநீர் தவத்தில் ஆழ்ந்ததுபோல் அசைவற்றுக் கிடந்தது. நீருக்கடியில் ஓடும் தன் மின்சாரக் காரை நர்மதா அதனுள் இறக்கினாள். பெருமைக்காக முதல் ஆளாய் ஏறியிருந்தார் தர்மகர்த்தா கந்தவேல். அம்மன் தாலியைத் திருடியவள் என்று நர்மதாவின் தாயைப் பழித்து, அந்த அவமானத்திலேயே சாகவைத்தவர்.

"திருடி மகளானாலும் நீ கெட்டிக்காரிதான் சாமி!" என்று சிரித்தார்.

"எல்லாம் உங்களாலதானுங்க மாமா."

"என்னாலயா?"

விளக்கொளியில் ஒரு கற்சிலை தெரிந்ததும் கார் நின்றது. அணை கட்டியபோது பழைய ஊரோடு மூழ்கிய அம்மன்.

"கரைமேல கட்டின கோயில்ல, எங்கம்மாதான் திருடுனாங்கன்னு சத்தியம் செய்யச் சொல்லி நான் கேட்டப்ப, 'மூழ்கின ஆத்தா முன்னாலன்னாத்தான் செய்வேன்'னீங்க. அதுக்குத்தானுங்க பன்னண்டு வருசமா இந்தக் காரைச் செஞ்சேன். இப்பச் செய்யுங்க."

நீரின் அசைவில் அம்மன் விழித்ததுபோல் இருந்தது. கந்தவேல் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"ஆத்தா... தாலிய நாந்தான் எடுத்தேன்."

நர்மதா தாயின் கண்ணாடி வளையலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சிலையை நோக்கிக் கைகூப்பினாள். பிறகு காரைக் கரைக்குத் திருப்பினாள்.

"நூறு வயசு நல்லா இருங்க மாமா. ஒவ்வொரு ஊட்டு வாசல்லயும் நின்னு இதைச் சொல்லோணுமில்லீங்க."