ஜேர்மனியிலிருந்து வந்த நிற அட்டை

"பெண்ணோ கேக்கிறான், பெயின்ற் வாங்கிறானோ?"

பரராசசிங்கத்தார் அட்டையைத் தன் ஸ்ரூடியோ மேசையில் எறிந்தார். சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல், கறுப்பு என்று கட்டம் கட்டமாகக் கிடந்தது. படத்தில் நிறம் சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்கிற அட்டை. ஜேர்மனி மாப்பிள்ளை, ஊருக்கு வந்த ஆளொருவரிடம் கொடுத்துவிட்டிருந்தான்.

"என்ன சொல்லி விட்டவன்?"

"படத்தோடை வைச்சு நிறம் பாக்கிறதுக்காம் அண்ணை. கடிதம் பின்னாலை வருமாம்" என்றாள் கமலாதேவி. மகளோடு அனலைதீவிலிருந்து விடியவே லோஞ்சு ஏறி ஊர்காவற்றுறைக்கு வந்திருந்தாள்.

"வேறை என்ன கருத்து? பெட்டை அட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கவேணும். பவுடர் பூசினாலும் பிடிபட்டிடும்."

கமலாதேவி கண்ணைத் துடைத்தாள். "இவளுக்கு ரெண்டு சம்பந்தம் நிறத்தாலை குழம்பினது. இதுவும் போனால்..."

"நான் கறுப்புத்தானேயம்மா. கறுப்பாவே எடுக்கட்டும்" என்றாள் பரிமளம்.

"நீ வாயைப் பொத்து."

பரராசசிங்கத்தாருக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"முப்பது வருசமாய்ப் படம் எடுக்கிறன். நிறத்திலை ஒருநாளும் பொய் சொன்னதில்லை. இவனுக்குச் சொல்லத்தான் வேணும்."

அரிக்கன் லாம்பின் சிமினிக்குள் விரலை விட்டார். கரியை அட்டை முழுக்க மெல்லிசாகப் பூசினார்.

"ஐயோ அண்ணை!"

"பேசாமல் இரும். கொழும்பிலை படம் கழுவுறவனிட்டையும் இதே அட்டை கிடக்கு. எங்கடை அட்டை இருண்டு தெரிஞ்சால், அவன் தன்ரை அட்டையோடை ஒத்துவருமட்டும் படத்தை வெளுப்பாக்குவான். அதோடை பெட்டையும் வெளுப்பாள்."

வெளுத்தாள். இரண்டு கிழமையால் கொழும்பிலிருந்து வந்த படத்தில் பரிமளம் உரித்த பனங்கிழங்கு மாதிரி நின்றாள். கையிலிருந்த அட்டையில் ஒரு குற்றம் சொல்ல ஏலாது.

கமலாதேவி படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இது ஆரம்மா?" என்றாள் பரிமளம்.

மாப்பிள்ளையின் கடிதமும் அன்றைக்குத்தான், லோஞ்சு ஏறவந்த வழியில், கைக்குக் கிடைத்திருந்தது. கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்த கமலாதேவி, உறையைப் பிரிக்காமலே கொண்டுவந்திருந்தாள்.

"தாரும், அந்தப் பெரிய மனிசன் என்ன எழுதியிருக்கிறான் எண்டு பாப்பம்." பரராசசிங்கத்தார் உறையைக் கிழித்தார். ஒரு படம் விழுந்தது.

மாப்பிள்ளை. நல்ல கறுப்பு. அதே மாதிரி அட்டையொன்றை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சிரித்தான்.

பரராசசிங்கத்தார் உரக்க வாசித்தார்.

"மாமி, நான் தந்துவிட்ட அட்டையை இந்தப் படத்திலை இருக்கிற அட்டையோடை வைச்சுப் பிள்ளையைப் பாக்கச் சொல்லுங்கோ. ரெண்டும் ஒத்துவந்தால் என்ரை நிறமும் உண்மை. ஏனெண்டால், முந்தி உங்களுக்கு வந்த, ஊரிலை இருக்கேக்கை எடுத்த என்ரை படத்திலை..."

அவர் கடிதத்தை மடிக்கப் பார்த்தார். பரிமளம் கடிதத்தை வாங்கி மிச்சத்தை வாசித்தாள்.

"...ஊர்காவற்றுறைப் பரராசசிங்கண்ணை என்னை வெள்ளையடிச்சுப் போட்டார். பிள்ளை ஏமாறக்கூடாது."



பரிமளம் தன் கைலேஞ்சியைத் தண்ணீரில் நனைத்து அவரிடம் நீட்டினாள்.

"முதல்லை அட்டையைத் துடையுங்கோ மாமா. பிறகு என்னை எடுங்கோ."