ஆயிரம் ராத்தல்

ஏலக்காய் ஸ்டோரின் தராசு எண்ணூறு ராத்தல் காட்டியபோது, கணக்கப்பிள்ளை குருசாமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். ஐந்நூறுக்கு மேல் ஒரு ராத்தல் இருக்காது என்று சத்தியம் செய்தவர் அவர்தான்.

"வெயிட்டு என்னத்தா வெயிட்டு? தொரை இதக் காத்தா இழுத்துட்டுப் போவாரு" என்றார்.

"தொரை இழுத்தது லாரியிலய்யா" என்றாள் சந்தனமேரி. "எங்களுது ஜீப்பு."

தராசில் நின்றது, துரை வேட்டைக்குப் போகையில் காட்டில் தங்குவதற்காகச் செய்துகொண்ட வண்டிவீடு. இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு பலகை அறை. துரை சீமைக்குக் கப்பலேறிவிட்டார். விற்றுக் கொடுக்கும் பொறுப்பு குருசாமிக்கு வந்தது.

வாங்க வந்த சந்தனமேரியின் புருஷன் சுவக்கீனிடம் யுத்த ஏலத்தில் எடுத்த ஜீப் ஒன்று இருந்தது. சாந்தன்பாறைக்கும் போடிக்குமாக வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். ஆயிரம் ராத்தலுக்கு மேல் பின்னால் மாட்டினால் மேட்டில் ஜீப்புக்கு மூச்சு முட்டும், இறக்கத்தில் பின்வண்டி ஜீப்பையே தள்ளிவிடும் என்று அவன் பலமுறை சொல்லியிருந்தான்.

அந்த ஆயிரத்தைச் சந்தனமேரி மனதில் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வெறும் வண்டியை இழுத்துப் பார்க்க அவள் சம்மதிக்கவில்லை. உள்ளே என்னென்ன போகுமோ அத்தனைக்கும் மணலை நிறுத்து மூட்டை கட்டினாள். நூறு ராத்தலில் ஒரு மூட்டை. நூற்றிருபதில் ஒரு மூட்டை. தண்ணீர் டின்னுக்கும் அடுப்புக்கும் சேர்த்து அறுபதில் ஒன்று.

"புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரு படுத்துத் தூங்க எதுக்குத்தா இம்புட்டுக் கணக்கு?" குருசாமி சிரித்தார்.

அவள் அறுபது ராத்தல் மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டினாள்.

ஸ்டோர் மேட்டில் இரண்டாவது வளைவு வரைதான் ஜீப் ஏறியது. அங்கே உறுமி நின்றது. பிறகு முழுசாக ஒரு முழம் பின்னால் வழுக்கியது. சந்தனமேரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு அடியில் கல்லை உருட்டிவிட்டாள்.

சுவக்கீன் இறங்கி வந்தான். முகம் வெளிறியிருந்தது. "வேணாம் மேரி. விட்டுரலாம்."

அவள் வண்டிவீட்டுக் கதவைத் திறந்து உள்ளே ஏறினாள். துரையின் இரும்பு அலமாரியைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். "பிடிங்க."

அலமாரி இறங்கியது. சாய்வு நாற்காலி இறங்கியது. ஆள் உயரக் கண்ணாடியை அவள் கழற்றியபோது குருசாமி பதறிப்போனார். அது சீமைக் கண்ணாடி, அதற்காகவே வண்டியை எடுக்க நாலு பேர் நிற்கிறார்கள் என்றார். அந்த நாலு பேருக்கே கண்ணாடியைக் கொடுத்துவிடச் சொன்னாள் அவள்.

மணல் மூட்டை ஒன்றைக்கூடத் தொடவில்லை.

இந்த முறை ஜீப் இரண்டாவது வளைவைத் தாண்டியது. மூன்றாவதையும் தாண்டியது. உச்சியில் போய் நின்று புகை கக்கியது. கண்ணாடியும் அலமாரியும் நாற்காலியும் போனதில் நூற்றிருபது ராத்தல் குறைந்திருந்தது. மூட்டைகளோடு சேர்த்து இப்போது தொள்ளாயிரத்து அறுபது.

"ஏறிருச்சுல்ல, முடிச்சிருவோம்" என்றார் குருசாமி.

"எறக்கம் பாக்கலியே அய்யா."

சுவக்கீன் ஜீப்பைத் திருப்பி நிறுத்தினான். கீழே பாதை செங்குத்தாக இறங்கி, தேயிலைக்குள் வளைந்து மறைந்தது. அவன் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

சந்தனமேரி ஜீப்பின் முன்சீட்டுக்கு அடியிலிருந்து இன்னொரு மூட்டையை எடுத்தாள். துணியில் முடிந்த சின்ன மூட்டை. அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய், நூறு ராத்தல் மூட்டையின் பக்கத்தில் படுக்க வைத்தாள்.

"அது என்ன தாயி?"

"ஏழு ராத்தலுய்யா. ஏறும்போது தனியா இருக்காது. போடிக்குப் போற வழியில பொறந்துரும்."

குருசாமியின் சிரிப்பு நின்றுவிட்டது.

சுற்றியிருந்த தோட்டங்களுக்கெல்லாம் பிரசவம் பார்ப்பவள் சந்தனமேரி ஒருத்திதான். போன ஆடி மழையில், சிக்கலாகிப்போன இருபது வயசுப் பெண் ஒருத்தியைப் போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திறந்த ஜீப். காலை நீட்டிப் படுக்க இடமில்லை. நனைந்தபடியே, இறக்கத்தின் நடுவில், அந்தப் பெண் சந்தனமேரியின் மடியில் அடங்கிப்போனாள். குழந்தையும்தான்.

"நூறு ராத்தலு புள்ளத்தாச்சி. நூத்திருபது நானு" என்றாள் சந்தனமேரி. "ஒங்க மருமக ராமுத்தாய்க்கு இது எட்டாம் மாசம். போன வாரம் பாத்தேன். புள்ள குறுக்க கெடக்கு. திரும்பலன்னா போடிக்குத்தான் போகணும்."

குருசாமி வண்டிவீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். மூட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சுவக்கீன் கியரைப் போட்டான்.

"நிறுத்துடா!"

கிழவர் ஜீப்புக்கு முன்னால் ஓடிவந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். மூச்சு இரைத்தது.

"ஜீப்புல மாட்டுற கொக்கியில வெடிப்பு இருக்கு" என்றார். "தொரை போகும்போதே சொன்னாரு. நாந்தான் பெயிண்டு அடிச்சு மறைச்சேன். இந்த எறக்கத்துல தாங்காது தாயி."

சுவக்கீன் இறங்கிப்போய் மண்ணில் மல்லாந்து படுத்து, கத்தி முனையால் கொக்கியைச் சுரண்டினான். பெயிண்டு உதிர்ந்து வெடிப்பு தெரிந்தது. பிறகு எழுந்து, தலையை ஆட்டினான்.

குருசாமி தலை குனிந்து நின்றார். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வார் போலிருந்தது.

சந்தனமேரி திட்டவில்லை.

"புதுக் கொக்கி அடிச்சு மாட்ட எத்தன நாளாகும்?" என்று புருஷனைக் கேட்டாள்.

"போடிப் பட்டறையில குடுத்தா பத்து நாளு."

அவள் விரல் மடக்கி எண்ணினாள். ராமுத்தாய்க்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

"கொக்கியக் கழட்டுங்க" என்றாள்.