குணசீலன் கரையேறிய மதியம்

டப்பாவைத் திறந்தார். மூக்கை உள்ளே விட்டார்.

புளித்த வாடை இல்லை. பிலிம் கெடவில்லை.

"உயிரோட இருக்குடி," என்று மனைவியிடம் கத்தினார்.

அந்தச் சத்தத்தில் மூன்றாவது மாடியில் யார் வீட்டிலோ பால் பொங்கியிருக்கும்.

பதினாறு எம்.எம். படத்தின் கடைசி ரீல். இதற்காக அவர் போன் செய்து கெஞ்சாத மனிதன் தமிழ்நாட்டில் பாக்கியில்லை. ஏறாத கல்யாண மண்டபப் பரணும் இல்லை. கடைசியில் விருதுநகரில் கிடைத்தது. ஒருகாலத்தில் கோயில் திருவிழாக்களுக்குப் படம் வாடகைக்கு விட்டவரின் வீட்டில், முறுக்கு டின்களுக்குப் பின்னால், சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

முதல் மூன்று ரீல்களும் படுக்கையறை பீரோவில் இருந்தன. கூடவே மற்ற படங்களும். உலகத்திலுள்ள கறுப்பு வெள்ளைப் படங்களில் பாதி அங்கேதான். அவர் ரிட்டையர் ஆனதிலிருந்து மனைவியின் சேலைகள் சூட்கேஸில் வாடகைக்கு இருக்கின்றன.

மூன்றாவது ரீலின் முடிவில் நடுக்கடலில் ஒரு தோணி கவிழ்கிறது. கரையில் நிற்கும் கதாநாயகன் குணசீலன் காப்பாற்ற ஓடப் பார்க்கிறான். கதாநாயகி அவன் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

அத்தோடு திரை வெள்ளை.

அந்த வெள்ளைத் திரைக்கு முன்னால் அவர்கள் போட்ட சண்டையில் பட்டாசுக் கடை பற்றியிருக்கும்.

மனைவி அந்தப் படத்தைச் சின்ன வயதில் டூரிங் கொட்டகையில் பார்த்தவள். குணசீலன் திரும்பி வந்தான் என்பாள். கண்ணால் பார்த்தேன் என்பாள். கதாநாயகியின் கையைப் பிடித்தான், கூட்டமே விசிலடித்தது என்பாள்.

நீ மணலில் தூங்கிப்போய்க் கனவு கண்டாய் என்பார் அவர். குணசீலன் செத்தான். மூன்றாவது ரீல் முடிவில் அழுகிற அந்த வயலினைக் கேட்டாலே தெரியவில்லையா. அப்படி ஒரு வயலினுக்கு அப்புறம் எவனும் பிழைத்ததாகச் சரித்திரம் இல்லை.

பந்தயம் கட்டியிருந்தார்கள்.

குணசீலன் செத்திருந்தால் பீரோ நிரந்தரமாக அவருக்கு. பிழைத்திருந்தால் பீரோ சேலைகளுக்கு. டப்பாக்கள் சமையலறைப் பரணுக்கு.

ஜன்னல்களில் போர்வை. சுவரில் திரையாக எட்டு முழ வேட்டி. வெளியே மதுரை கொதித்தது. உள்ளே இருட்டு.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "தோத்துட்டு அழக்கூடாது," என்றாள்.

புதிதாக வரும் எந்த ரீலையும் அவர் நேராக ஓட்டியதில்லை. முதலில் ரீவைண்டரில் மாட்டிக் கையால் சுற்றுவார். ஓரத்து ஓட்டைகள் கிழிந்திருக்கின்றனவா என்று விரல் நுனியால் தடவிக்கொண்டே வருவார். கடைசியாகப் படம் காட்டியவன் திருப்பிச் சுற்றாமல் விட்டிருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும்.

இன்று கை பொறுக்கவில்லை.

நேராகப் புரொஜெக்டரில் மாட்டினார்.

விளக்கு.

வேட்டியில் 'வணக்கம்' வந்தது. குளத்தில் விழுந்த நிழல் போலத் தலைகீழாக.

இசை பின்பக்கமாக ஓடியது. ஆர்மோனியத்தை யாரோ விழுங்குகிற மாதிரி.

"ஐயையோ, திருப்பிச் சுத்தாம விட்டிருக்கான். வாலுலேருந்து ஓடுது." சுவிட்சுக்குக் கை நீட்டினார்.

"கைய எடுங்க."

எடுத்தார்.

மேலே மணல். கீழே வானம். கரையில் ஒரு கூட்டம் தலைகுனிந்து நின்றது. நடுவில் வெள்ளைத் துணி. யாரோ அதை விலக்கினார்கள். குணசீலன் கண் மூடிக் கிடந்தான்.

செத்தே போனான்.

பீரோவின் நான்கு தட்டுகளும் அவர் கண்முன் வந்து நின்றன. சொல்லிக்காட்ட வாயைத் திறந்தார்.

அதற்குள் கூட்டம் குணசீலனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து கடலில் விட்டது. அலை அவனை வாங்கிக்கொண்டது.

அவன் கை அசைந்தது.

தலை மேலே வந்தது. முங்கியது. மறுபடி வந்தது. ஒவ்வொரு அலையும் அவனைக் கரைப்பக்கம் தள்ளியது. எழுந்து நின்றான். தண்ணீரை விட்டு வெளியே வர வர அவன் சட்டை உலர்ந்தது.

கதாநாயகியின் கன்னத்திலிருந்த கண்ணீர் கண்ணுக்கே திரும்பிப் போனது.

அவள் கையை நீட்டினாள். குணசீலனின் கை வந்து அதற்குள் புகுந்துகொண்டது.

வேட்டி வெள்ளையானது. பிலிமின் நுனி படபடவென்று அடித்துக்கொண்டது.

"வந்துட்டானா இல்லையா?" என்றாள் மனைவி.

"அடியே, அது தலைகீழா ஓடி..."

"எப்படி ஓடுனா என்ன. வந்தான்ல?"

திரும்பிப் பார்த்தார். நாற்காலி காலியாக இருந்தது. முழங்கால் வலி என்று கல்யாணப் பந்தியில்கூடத் தரையில் உட்காராதவள், வேட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். முகம் முழுக்க வெளிச்சம்.

"இன்னொரு தடவ போடுங்க."

ரீலைக் கழற்றினார்.

வாலிலிருந்து தலைவரை ஓடி முடித்ததில் அது தானாகவே நேராகியிருந்தது. இப்படியே மாட்டினால் போதும். குணசீலன் முறைப்படி கையை உதறுவான். முறைப்படி மூழ்குவான். முறைப்படி வெள்ளைத் துணிக்கு அடியில் போவான். பீரோ அவருடையது.

"என்ன நிக்கிறீங்க?"

"இரு. ரீலச் சரி பண்ணணும்."

ரீவைண்டரில் மாட்டினார். வால் மறுபடி வெளியே வரும்வரை கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.