இரண்டு புள்ளிகள்

படகு கவிழ்ந்து அரை மணி ஆகியிருந்தது. கரை உதவி மையத்தில் ஜெனோவாவின் திரையில், மரியதாசன், அவர் மருமகன் பெர்க்மான்ஸ் இருவரின் மிதவைச் சட்டைகளும் ஒரே மங்கிய திட்டாகத் தெரிந்தன. சட்டைக்கு ஓர் ஆன்டெனா. விலகியிருந்தால்தான் இரண்டின் சைகைகளையும் ஒப்பிட்டு இடத்தைக் கணக்கிட முடியும்; ஒட்டியிருந்தால் இரண்டும் ஒரே சைகையையே கொடுக்கும். இரண்டு இருந்தும் ஒன்றுதான், இடம் பிடிபடாது. கடலில் விழுந்தால் கைகோத்துக்கொள், செத்தாலும் விடாதே என்று சொல்லி வளர்க்கும் கரை அது.

“அண்ணே, கைய விட்டுட்டு ரெண்டு பாகம், பன்னண்டு அடி தள்ளி மிதங்க. அப்பதான் எடம் தெரியும்,” என்றாள் ஜெனோவா, சட்டைகளில் இருந்த ரேடியோ வழியாக.

“முடியாது தாயி. அவன் சட்டை கிழிஞ்சு காத்து போயிட்டு. நான் பிடிச்சுத்தான் மெதக்கான்,” என்றார் மரியதாசன்.

“இருட்டுறதுக்குள்ள எடம் தெரியலன்னா மீட்புப் படகு திரும்பிரும் அண்ணே.”

பெர்க்மான்ஸின் குரல் குறுக்கே வந்தது. “மாமா, விடும். எங் கல்யாணத்துலகூட இப்படிக் கைய நெரிக்கலியே நீரு.”

பிறகு திட்டு இரண்டு தெளிவான புள்ளிகளாகப் பிரிந்தது. ஜெனோவா அந்த இடத்தை மீட்புப் படகுக்குப் படித்துச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு புள்ளிதான் மிஞ்சியிருந்தது.

“நான் விடல தாயி,” என்றார் மரியதாசன். “அவனாத்தான் கைய உருவிக்கிட்டான்.”