மக்கு

தணிகாசலம் தன் மனைவி பூங்கோதையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவருக்கு "மக்கு"தான்.

அடுப்படியில் ஆள் உயரத்துக்கு குப்பையைத் தானே உரமாக்கும் புதுக் குப்பைத்தொட்டி வந்து மூன்று நாள்தான் ஆகிறது. கம்பெனிக்காரன் வந்தான், வைத்தான், வாயைத் திறக்காமல் போய்விட்டான்.

மகள் நிறைமதியின் அஸ்திக் கலயத்தை அணைத்தபடி பூங்கோதை அடுப்படிக்குள் வந்தாள். நாளைக்குக் கடலில் கரைக்கும்வரை பிள்ளை வீட்டில் இருக்கட்டுமே என்று அவளுக்கு ஆசை. தணிகாசலத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கலயத்தைக் கைகாட்டிக் கத்தினார்.

"மக்கு! அஸ்திய யாராவது வீட்டுக்குள்ள கொண்டுவருவாங்களா?"

தொட்டியிலிருந்து ஓர் இரும்புக் கை நீண்டு கலயத்தைப் பிடுங்கிக்கொண்டது. அரைபடும் சத்தம் கேட்டது. முட்டை ஓடும் வெண்டைக்காய்க் காம்பும் கலந்த உரமாக நிறைமதி கீழே கொட்டினாள்.

மறுநாள் கம்பெனிக்காரன் வந்தான். "கைகாட்டி மக்குன்னு சொன்னா, மக்குற குப்பைன்னு எடுத்துக்கும் சார். வீட்ல மனுஷங்களையும் அப்படிச் சொல்வீங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு வீட்லயாவது வந்து கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள் பூங்கோதை.

"ஜனங்ககிட்ட போய்ப் பேச எங்ககிட்ட ஆள் இல்லம்மா."

அவன் போனதும் தணிகாசலம் அடுப்படிக்குள் வந்தார். "மக்கு, காபி எங்கடி?"

புருஷன் பெயரை வாயால் சொல்லிப் பழக்கமில்லாத பூங்கோதை, அவர் நெஞ்சுக்கு நேரே கையை நீட்டினாள்.

"மக்கு" என்றாள்.