சாம்பல் விழாத நாள்

ஆணையரின் விரல் ஜன்னல் விளிம்பில் ஊர்ந்தது.

விரலைத் திருப்பிப் பார்த்தார். சுத்தம்.

வீட்டுக்காரி அந்த விரலையே எட்டிப் பார்த்தாள்.

நீதிமன்றம் அனுப்பி வந்திருக்கும் அம்மா அவர். பின்னால் இருக்கிற ஆலையின் புகைபோக்கியிலிருந்து தெருவில் சாம்பல் விழுகிறதா என்று கண்ணால் பார்த்து எழுதிக்கொண்டு போக வேண்டும். அந்த அறிக்கையை வைத்துத்தான் வழக்கு நிற்கும், இல்லை விழும்.

மனுவில் முதல் கையெழுத்து அவளுடையது. காரணம் மோனிஷா. ஒன்பது வயது மகள். பத்தடி ஓடினால் மூச்சு இளைக்கும், உதடு நீலம் பாரிக்கும்.

வந்தவருக்குக் காட்டச் சாம்பல் வேண்டும். இவர்கள் என்ன செய்து வைத்தார்கள்?

பெரிய மனுஷி வீட்டுக்கு வருகிறார் என்றால் எந்தப் பொம்பளைக்குக் கை சும்மா இருக்கும்? விடிந்ததும் விடியாததுமாகத் தெருவே துடைப்பமும் வாளியுமாக இறங்கிவிட்டது. ஜன்னல், படி, மாடிச்சுவர், துணி காயப்போடும் கொடி வரைக்கும் துடைத்தாகிவிட்டது. எதிர்வீட்டுச் சகுந்தலா முருங்கை மரத்துக்கே தண்ணீர் பீய்ச்சிக் குளிப்பாட்டினாள்.

அவளும்தான் துடைத்தாள். அதுவும் இரண்டு தடவை. புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ.

"ஐயோ அக்கா, நாமளே கெடுத்துக்கினோமே!" சகுந்தலா அவள் காதில் முணுமுணுத்தாள்.

கூடவே வந்திருந்த ஆலையின் வக்கீல் சிரித்தார்.

"நான்தான் சொன்னேனே மேடம். ரோட்டுல போற லாரிப் புழுதிதான். கடக்காத்து வாரிட்டு வந்து போடுது. அப்பப்போ பெருக்குனா சரியாயிடும். இதுல ஆலைக்கு என்ன சம்பந்தம்?"

இரண்டு வருஷமாக இதே பாட்டு. எழுத்திலும் கொடுத்திருக்கிறார்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, ஒரு லாரி போனது. அதன் பின்னால் இன்னொன்று.

கடல்காற்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தது.

அவள் சட்டென்று அந்த ஜன்னல் விளிம்பைத் தானே தொட்டுப் பார்த்தாள்.

துடைத்தது ஐந்தரைக்கு. இப்போது மணி பன்னிரண்டு. மற்ற நாளில் ஏழு மணிக்கே இதில் விரலால் பேர் எழுதலாம்.

அண்ணாந்து பார்த்தாள்.

புகைபோக்கி புகையில்லாமல் சும்மா நின்றது.

அட பாவிகளா! ஆணையர் வரும் நோட்டீஸ் ஆலைக்கும்தானே போயிருக்கும். அவர்களும் பெருக்கி வைத்திருக்கிறார்கள்.

வாசலில் மோனிஷா யாரையோ துரத்திக்கொண்டு ஓடினாள். காலையிலிருந்து ஒரு தடவைகூட மூச்சு மருந்துப் பம்ப்பைக் கேட்கவில்லை.

மகளைப் பார்த்துவிட்டு அவள் நேராக ஆணையரிடம் போனாள்.

"மேடம், தூசி இல்லேன்னே எழுதிக்கங்க. காலைல அஞ்சரைக்குத் தொடச்சது. அதுக்கப்புறம் யாரும் கை வைக்கல. லாரி எப்பவும் போலப் போவுது. காத்தும் எப்பவும் போல அடிக்குது. இன்னிக்கு நின்னது ஒண்ணே ஒண்ணுதான்."

கையை நீட்டிக் காட்டினாள்.

ஆணையர் மேலே பார்த்தார். பிறகு வக்கீலைப் பார்த்தார்.

"பராமரிப்பு வேலை மேடம்." அவர் குரல் இறங்கியிருந்தது. "நேத்து சாயங்காலத்துலேருந்து நிறுத்தியிருக்காங்க."

ஆணையர் அதையும் எழுதினார்.

லாரிகளை எழுதினார். காற்றை எழுதினார். தேதியும் நேரமும் போட்டார். முழுவதையும் நிதானமாக ஒரு முறை வாசித்துக் காட்டினார். இரண்டு தரப்பும் அடியில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

அவள் முதலில் போட்டாள். இனிஷியலோடு, முழுப் பெயரும்.

காகிதம் வக்கீல் பக்கம் போனது.

அவர் சட்டைப் பையைத் தடவினார். கோட்டுப் பையைத் தடவினார். ஆலைக்கு ஒரு போன் பேச வேண்டும் என்றார்.

"பேசிட்டு வாங்க சார். ஒண்ணும் அவசரமில்ல."

பேனாவை அவர் பக்கமாக நீட்டியபடி அவள் நின்றாள்.